மரகதத்துக்கு இடுப்பு வலி!

நான் கூடவே இருந்த முதல் பிரசவம், ஒரு பச்சோந்தியுடையது.

சொந்த மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தே நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷம் பார்த்து அவள் பிறந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தக் காபியில்தான் வந்து முடியும். கரன்ட் பில் கட்ட மறந்தேன் என்று ஆரம்பிப்பாள் என் மனைவி. "ஆமா, அன்னிக்கே உங்களுக்குக் காபிதானே முக்கியமா போச்சு!" என்று முடிப்பாள். என்னிடம் பதில் கிடையாது. இத்தனைக்கும் அந்தக் காபி நன்றாகவும் இல்லை.

அப்பேர்ப்பட்ட ஆசாமியை நம்பித்தான், 2023 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு கர்ப்பிணியை ஒப்படைத்தார்கள்.

அம்மாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக டல்லாஸ் போயிருந்தேன். அக்கா, அத்தான் இரண்டு பேரும் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார்கள். வெளியே நாற்பது டிகிரி வெயில். நடந்துபோய் டீ குடிக்க ஒரு நாயர் கடை கிடையாது. வீட்டுக்குள் நான், அம்மா, அக்காவின் பன்னிரண்டு வயது பையன், அப்புறம் மரகதம்.

மரகதம் அவன் வளர்க்கும் பச்சோந்தி. வாலையும் சேர்த்தால் ஓரடி ஸ்கேல் நீளம். தலைமேல் கிரீடம் வைத்த மாதிரி ஒரு கொண்டை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான வலைக் கூண்டு, உள்ளே செடி, குச்சி, சூடு தர பல்பு என்று ராஜபோகம். பெயர் வைத்தது அம்மா. முன்னொரு நாள் வாட்ஸ்அப்பில் பேரன் காட்டினபோது, "பச்சையா இருக்குல்ல? மரகதம்னு வை" என்று சொல்லிவிட்டாள். நேரில் பார்த்ததும், "அடப்பாவி, இது ஓணான்டா!" என்று நான்கடி பின்வாங்கினாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் பச்சோந்தி பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற ஜீவன். பிடித்துக் கூண்டில் போட்டால் பிறகு உங்களைப் பிடித்துக் கூண்டில் போடுவார்கள். மரகதம் வேறு ஜாதி. பூர்வீகம் ஏமனும் சவூதி அரேபியாவும். இவள் பிறந்ததென்னவோ அமெரிக்கப் பண்ணை ஒன்றில்.

ஒரு திங்கட்கிழமை காலை. பையன் ஆறு நாள் கேம்ப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். செல்போன் கூடாது என்கிற கண்டிப்பான கேம்ப். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"மாமா, மரகதம் முட்டை போடப் போறா. நான் வர்றதுக்குள்ள போட்டா, நீங்கதான் பார்த்துக்கணும்."

"முட்டையா? இவளுக்குப் புருஷன்..."

"இல்லை."

நான் அம்மா இருக்கும் திசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பின்னே எப்படிடா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மாமா, நீங்க கடையில வாங்கற முட்டைக்கெல்லாம் சேவல் இருக்கா?"

நியாயமான கேள்வி. சேவல் முகத்தையே பார்க்காமல் கோழி முட்டை போடுகிற மாதிரிதான் இந்த ஜாதிப் பச்சோந்தியும். ஆண் துணை இல்லாவிட்டாலும் வளர்ந்த பெண்ணுக்கு வயிற்றில் முட்டை உருவாகும். குஞ்சு பொரியாது, அவ்வளவுதான். ஆனால் கோழிக்கு இல்லாத சங்கடம் ஒன்று இதற்கு உண்டு. தோண்டுவதற்குத் தோதான மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். உடம்பில் கால்சியம் குறைவாக இருந்தால் தசைகளுக்கு முட்டையை வெளியே தள்ளத் தெம்பிருக்காது. இரண்டில் எது நடந்தாலும் ஆபத்துதான். ஆளையே கொண்டுபோய்விடும்.

"செத்துடுமா?"

"ம்" என்றான். அதற்குமேல் பேசவில்லை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு வேனில் ஏறிவிட்டான். வேன் திரும்புகிறவரை ஜன்னல் வழியே என்னைப் பார்க்கவில்லை. மாடியில் மரகதம் இருக்கும் அறை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பி.காம். முட்டை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டஜனுக்குப் பன்னிரண்டு என்பதுதான். காகிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அடர்ந்த பச்சை உடம்பில் மஞ்சள், நீலப் புள்ளிகள் பளிச்சென்று வந்திருந்தால் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். பச்சோந்தி நிறம் மாறுவது எதிரியிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் என்று நானும் உங்களைப் போலவே நம்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அது மனசையும் உடம்பு நிலையையும் சொல்கிற பாஷையாம். தோலுக்குள் நுணுக்கமான படிகங்கள் வரிசையாக இருக்கின்றன, அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்துத்தான் நிறத்தை மாற்றுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, கர்ப்பிணிப் பச்சோந்தி தன் நிலைமையை உடம்பிலேயே போஸ்டர் ஒட்டிவிடுகிறது. நாம் அநியாயமாக இதன் பெயரை அரசியல்வாதிகளுக்கு வைத்துவிட்டோம். அவர்கள் மனசில் இருப்பது என்றைக்காவது வெளியே தெரிந்திருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை மரகதம் சில்வண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாகச் சாட்டையைச் சொடுக்கின மாதிரி நாக்கை வீசிப் பிடிப்பாள். எப்போதும் உச்சிக் குச்சியில் உட்கார்ந்திருக்கிறவள் அன்றைக்குத் தரைக்கு இறங்கி, பஸ்ஸைத் தவற விட்டவள் மாதிரி அங்குமிங்கும் நடந்தாள். மூலையில் போய்ப் பிறாண்டினாள். காகிதத்தின் நாலாவது வரி: "தரையில் நடந்தால் உடனே மண் தொட்டி."

கராஜில் பிளாஸ்டிக் தொட்டி, கழுவின மணல் ஒரு மூட்டை, உரம் கலக்காத தோட்ட மண் ஒரு மூட்டை எல்லாம் தயாராக வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். ஓரடி ஆழத்துக்கு மண் நிரப்ப வேண்டும். நிரப்பினேன். கூண்டுக்குள் வைத்தேன். மரகதம் இறங்கிவந்து இரண்டு கை தோண்டினாள். பொலபொலவென்று மண் சரிந்து குழி மூடிக்கொண்டது. இன்னொரு இடத்தில் தோண்டினாள். அதுவும் சரிந்தது. ஒரு கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். எங்கள் பழைய மேனேஜர் என் வவுச்சரைப் பார்க்கும் பார்வை.

வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, மண்ணு காஞ்சு கிடக்கே, எப்படிடா நிக்கும்? தண்ணி தெளிச்சுப் பிசறு."

ஒரு சொம்பு ஊற்றினேன்.

"களியாக்கிட்டான்! இன்னும் கொஞ்சம் மண்ணு போடு. புட்டுமாவு பதம்டா. பிடிச்சா பிடிக்கணும், உதிர்த்தா உதிரணும்."

காகிதத்தில் அதையேதான் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, விரலால் குத்தினால் ஓட்டை அப்படியே நிற்க வேண்டும் என்றெல்லாம். அம்மா மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாள். பக்கத்தில் வரவே அருவருப்புப் பட்டவள், முழங்கை வரை மண்ணைப் பிசறிக்கொண்டிருந்தாள். "புள்ளத்தாச்சி... பாவம்டா" என்றாள். ஓணானுக்குப் பிரமோஷன்!

புதன்கிழமை மத்தியானம் மரகதம் தொட்டிக்குள் இறங்கினாள். முன்னங்காலால் தோண்டித் தோண்டி, பின்னங்காலால் மண்ணை வெளியே தள்ளினாள். ஒரு மணி நேரத்தில் தலை உள்ளே போய்விட்டது. வால் மட்டும் வெளியே. சுரங்கத் தொழிலாளி தோற்றான்.

காகிதத்தின் கடைசி வரியைப் பையன் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். "அவள் தோண்டும்போது பார்க்கக் கூடாது."

எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும். ஆனாலும் இந்த அதிசயத்தை வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினால் காபி வழக்கில் கொஞ்சம் தண்டனைக் குறைப்பு கிடைக்கும் என்று தோன்றியது. பூனை நடை நடந்து கூண்டுக் கதவைத் திறந்து, செல்போன் டார்ச்சைப் போட்டேன்.

மரகதம் அப்படியே உறைந்துபோனாள். மெதுவாகப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். ஒரு கண் என்மேல், ஒரு கண் குழிமேல். உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் குழியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குச்சியில் ஏறிப் போய்விட்டாள்.

காட்டில் இவள் மரத்தை விட்டுத் தரைக்கு வருவதே அபூர்வம். தலையை மண்ணுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் பாம்போ பறவையோ வந்தால் ஓடக்கூட முடியாது. அவளுடைய ஆயுளிலேயே பாதுகாப்பில்லாத நேரம் அதுதான். யாரோ பார்த்துவிட்டார்கள் என்றால் அந்த இடம் அவள் கணக்கில் ஆபத்தான இடம். பலபேர் அப்படியே முட்டையை அடக்கிக்கொண்டு விடுவார்களாம். அவளுக்கு நான் மாமா இல்லை, பாம்பு.

சாயங்காலம் வரை அவள் இறங்கவில்லை. வியாழக்கிழமையும் இறங்கவில்லை. வயிற்றின் இரண்டு பக்கமும் முட்டைகள் கோலி மாதிரிப் புடைத்துத் தெரிந்தன. ஆபீஸிலிருந்து வந்த அக்கா பல்லி, பாம்பு பார்க்கிற டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கண் திறந்திருக்கிறதா? குச்சியைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். "அப்படியானால் தனியாக விட்டுவிட்டு இன்னும் ஒரு நாள் பாருங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டு துவண்டு கிடந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். கால்சியம் கொடுத்துப் பார்க்கலாம், ஊசி போடலாம். முடியாவிட்டால் ஆபரேஷன்."

"எவ்வளவு ஆகும்னு கேட்டியாக்கா?"

"ஆபரேஷன்னா ஆயிரம் டாலருக்கு மேலயாம்."

கை தானாக எண்பத்திரண்டால் பெருக்கியது. எண்பத்தி இரண்டாயிரம் ரூபாய்! என் மகள் பிறந்த செலவே அவ்வளவு ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தொகை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேன் வந்து நிற்கும். ஒரு பையன் குதித்து இறங்கி மாடிக்கு ஓடுவான். அவனிடம் நான் என்ன சொல்வேன்? "மாமா ஒரே ஒரு வீடியோ எடுத்தேன்டா" என்றா?

நடந்ததை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். பெட்டியைத் திறந்து பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்தாள்.

"பூனை குட்டி போடறப்ப எட்டிப் பார்த்தா அது இடம் மாத்திடும். மனுஷிக்கே அப்படித்தான்டா. அந்தக் காலத்துல கூடத்து மூலையில இப்படித்தான் புடவையைக் கட்டி மறைப்போம். ஆம்பளைங்க எல்லாம் திண்ணைக்குப் போயிடணும்."

கூண்டைச் சுற்றிப் புடவையைக் கட்டினாள். மேலே விளக்குக்கு மட்டும் இடம் விட்டாள். மெல்லிய பருத்தி, காற்றும் போகும். மண்ணில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, என் பழைய குழியைத் தூர்த்து, சமப்படுத்தினாள். அறைக் கதவைச் சாத்தினாள். "திண்ணைக்குப் போ" என்றாள்.

அமெரிக்க வீட்டில் திண்ணை ஏது? கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் உள்ளே லேசாக ஒரு சத்தம். சர்... சர்... மணல்! அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மூச்சுவிடவில்லை. சத்தம் நிற்கும். என் நெஞ்சும் நிற்கும். மறுபடி சர்... சர்... மத்தியானம் அம்மா தட்டில் தயிர் சாதம் கொண்டுவந்து படியிலேயே கொடுத்தாள். சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. கதவைத் திறக்கக் கை நூறு தடவை போயிற்று. தோண்டி முடித்ததும் திரும்பி, வாலை உள்ளே விட்டு முட்டை போடுவாள், குழிக்குள்ளேயே ராத்திரி தங்கினாலும் தங்குவாள், பயப்பட வேண்டாம் என்று பையன் எழுதியிருந்தான். அவள் பயந்தாளோ என்னவோ, நான் பயந்தேன். விடிகிறவரை அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா கீழேயிருந்து, "டேய், காபி போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை பட்டது போதாதா?

சனிக்கிழமை காலை மறுபடி சர்... சர்... இந்தத் தடவை வேறு தாளம். தோண்டுகிற சத்தம் இல்லை, மூடுகிற சத்தம். பதினொரு மணிக்குக் குச்சியில் நகம் உராயும் சத்தம் கேட்டது. மேலே ஏறிவிட்டாள். அம்மா தலையசைத்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

காலி பை மாதிரி வயிறு ஒட்டிப்போய், மூக்கெல்லாம் மண்ணாக, உச்சிக் குச்சியில் உட்கார்ந்திருந்தாள் மரகதம். மண் அப்படியே சமமாக இருந்தது. அங்கே ஒரு குழி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். மூடினது மட்டுமில்லை, கெட்டியாக மிதித்தும் வைத்திருக்கிறாள்.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்கத் தெரியாது. இலையில் வழிகிற துளியைத்தான் நக்கும். ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து இலைகளின்மேல் அடித்தேன். இருபது நிமிஷம் விடாமல் குடித்தாள். அப்புறம் கால்சியம் பவுடரில் புரட்டின சில்வண்டை நீட்டினேன். சொடுக்! நாக்கு வந்து போனது. அந்த ஒரு சொடுக்குக்கு எண்பத்தி இரண்டாயிரம் கொடுத்திருப்பேன்.

தொட்டியை வெளியே எடுத்து அம்மாவும் நானும் ஸ்பூனால் மெல்லத் தோண்டினோம். அடியில், சுவரோரமாக, மல்லிகை மொட்டுக் குவித்த மாதிரி வெள்ளை வெளேரென்று முட்டைகள். ஓடு கிடையாது, தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. எண்ணிப் பார்க்கிற வேலை எனக்குத் தெரிந்த வேலை. நாற்பத்தி ஒன்று. இரண்டாம் தடவை எண்ணினேன். கணக்கு டாலியானது.

"இதுல எத்தனை பொரியும்?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் பொரியாதும்மா."

"நாற்பத்தி ஒண்ணுமா?"

"ஆண் துணை இருந்திருந்தா, பதமா சூடு காட்டி ஆறு மாசத்துக்கு மேல வெச்சிருந்து பொரிக்க வைக்கலாமாம். இது வெறும் முட்டை."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது தெரியாம எப்படி மூடி வெச்சிருக்கா பாரு" என்றாள். குப்பைத் தொட்டியில் போடச் சம்மதிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் ரோஜாச் செடி அடியில் தானே ஒரு குழி பறித்துப் போட்டு மூடினாள்.

சாயங்காலம் வேன் வந்தது. நான் நினைத்தபடியே குதித்தான், ஓடினான். கூண்டு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றான். வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். நான் வீடியோ விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் அவன் என்னை நம்பி விட்டுப்போன பிள்ளை.

"நானும் தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றான். "நிறைய சாப்பிட்டாலும், சூடு அதிகமா இருந்தாலும் நிறைய முட்டை வருமாம். அவ நாக்கு நீட்டறது பிடிச்சிருந்தது. கேட்டப்பெல்லாம் கொடுத்தேன்." மறுநாளே தீனியை அளவாக்கி, பல்பையும் கொஞ்சம் தள்ளி வைத்தான். இன்னும் சில மாசத்தில் மறுபடி முட்டை வரலாம். அடுத்த தடவை எண்ணிக்கை குறைந்தால் அவளுக்கு நல்லது. அவன் பாசத்தைக் குறைத்தான், நான் பார்வையைக் குறைத்தேன், அவள் பிழைத்தாள்.

ராத்திரி ஊரிலிருந்து மனைவி போன். அம்மா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

"பச்சோந்திக்கு விடிய விடிய படியில உட்கார்ந்திருந்தீங்களாமே?"

நான் தயாராக இருந்தேன். "இதோ பாரு, பிரசவ நேரத்துல கிட்ட போகாம இருக்கறதுதான் பெரிய உதவி. அன்னிக்கு நான் கேன்டீனுக்குப் போனதுகூட..."

"அது பச்சோந்திக்கு" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் கதவைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க எட்டிப் பார்ப்பீங்கன்னு."

இத்தனை வருஷத்தில் காபியைப் பற்றி அவள் ஆயிரம் தடவை பேசியிருக்கிறாள். கதவைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மரகதம் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறம் மாறவே இல்லை. நான்தான் மாறியிருந்தேன்.